கண்புரை காத்திருக்கும், பிரசவம் காத்திருக்காது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வசதியில்லாத கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் கண் நோயாளிகளுக்கும் இலவச மருத்துவ உதவி செய்ய ஒரு சிறிய அறக்கட்டளை விரும்புகிறது. மாதம் ஒருமுறை இரண்டுக்கும் சேர்த்து ஒரே முகாமாக நடத்தினால் போதுமா, இல்லை சொந்தமாக ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

கண்ணுக்கு முகாம் நல்ல தொடக்கம். பிரசவத்துக்கு முகாம் ஏறக்குறைய பயனில்லை. கட்டடம் இரண்டுக்குமே முதல் செலவாக இருக்கக் கூடாது.

இரண்டையும் பிரிப்பது நேரம். கண்புரை உள்ளவர் இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதம் வரலாம். சில மாதம் தள்ளிப்போனாலும், லென்ஸ் வைத்தபின் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். குழந்தை பிறந்தபின் உதிரம் நிற்காமல் போகிற பெண்ணுக்கு அந்த அவகாசம் கிடையாது. கவனிக்காமல் விட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடும் என்பது மகப்பேறு மருத்துவத்தில் எல்லோரும் அறிந்த கணக்கு. அந்த இரண்டு மணி நேரம் எந்தத் தேதியில், எந்த ராத்திரியில் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மாதத்தில் ஒருநாள் வந்துபோகிற மருத்துவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கப் போவதில்லை.

2023-ல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 92 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும் இருந்தவர்கள். பிரசவம் நேரடியாகக் கொண்டுவரும் காரணங்களில் முதலில் வருவது உதிரப்போக்கு. அடுத்து, ரத்தக் கொதிப்பு ஏறி வருகிற வலிப்பு. அதற்கடுத்து கிருமித் தொற்று. மூன்றுக்கும் மருந்து உண்டு. மூன்றுமே பழைய மருந்துகள், விலை குறைந்தவை. பின் ஏன் இறக்கிறார்கள் என்று நன்கொடையாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உங்கள் திட்டம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் அமைய வேண்டும்.

1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போவது என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேருவதில் ஒரு தாமதம். போய்ச் சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். தானமாக வரும் பணத்தில் பெரும்பகுதி மூன்றாவதைக் குறிவைத்துக் கட்டடமாகவும் கருவியாகவும் போய்விடுகிறது. முதல் இரண்டுக்குக் கல்வெட்டு வைத்துப் பெயர் பொறிக்க முடியாது. அதனால் அவற்றுக்குக் கொடுப்பவர்கள் குறைவு. சிறிய அறக்கட்டளையால் உண்மையிலேயே மாற்றிக் காட்ட முடிவது அந்த இரண்டைத்தான்.

முதல் தாமதத்தை எடுத்துக்கொள்வோம். வலி கண்டு வெகுநேரம் ஆகிவிட்டது. கணவர் வெளியூரில் இருக்கிறார். மாமியார் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறார். வண்டிக்குப் பணம் யார் தருவது என்று தெரியவில்லை. மற்ற குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. இதில் எதுவும் மருத்துவப் பிரச்சினை இல்லை. ஏழாம் மாதத்திலேயே ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசினால் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். கர்ப்பிணியின் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வண்டி, ஓட்டுநரின் கைபேசி எண் என்ன, அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் யார், கூடப் போவது யார், வீட்டில் பிள்ளைகளோடு இருப்பது யார், அதே வகை ரத்தம் உள்ள இரண்டு பேர் யார், கணவர் ஊரில் இல்லையென்றால் ‘கிளம்பலாம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு. கடைசிக் கேள்விக்குத்தான் குடும்பங்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த வாக்குவாதம் ஏழாம் மாதத்துப் பகலில் நடக்கட்டும்.

இந்த அட்டையை ‘ஆபத்துள்ள’ கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ரத்த சோகை, கொதிப்பு, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை எல்லாவற்றையும் பரிசோதனையில் கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஆனால் எந்த ஆபத்தும் இல்லை என்று எழுதப்பட்ட பெண்களிடமும் உதிரப்போக்கு வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வழியை மருத்துவம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எனவே ஒவ்வொரு பெண்ணுக்கும் வண்டி தயாராக இருக்க வேண்டும்.

வீடு வீடாகப் போகிறவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்க வேண்டியதில்லை. 1970-ல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதியில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி தொடங்கிய பணி இதற்கு முன்னோடி. எழுதப் படிக்கத் தெரியாத, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்களையே கிராமத்தின் சுகாதாரப் பணியாளர்களாக அவர்கள் பயிற்றுவித்தார்கள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி இன்னொரு படி மேலே போனார்கள். வீட்டிலேயே பச்சிளம் குழந்தையைக் கவனிக்கக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நேபாளத்தின் மக்வான்பூரில் மருத்துவம்கூடப் பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை பெண்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் ஊரில் தாயும் சேயும் எதனால் இறக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று பேசினார்கள். கூட்டத்தை நடத்த உள்ளூர்ப் பெண் ஒருவர். அவ்வளவுதான். அந்தப் பகுதிகளில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 30 சதவீதம் குறைந்தது என்று 2004-ல் வெளியானது. மாதம் ஒரு முகாமுக்கு ஆகும் செலவைப் பல கிராமங்களில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று உங்கள் பொருளாளரைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுங்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லி ஏழைப் பெண்ணின் நேரத்தைச் சும்மா வாங்கிக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லாத காரியம். மருத்துவருக்குப் பயணப்படி கொடுக்கும் அறக்கட்டளை, இந்தப் பெண்களைப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பக் கூடாது.

மூன்றாவது தாமதத்துக்கு வருகிறேன். உங்கள் கிராமங்களுக்கு அருகில் பிரசவம் பார்க்கும் அரசு நிலையமோ மிஷன் மருத்துவமனையோ ஒன்று இருக்கும். சொந்தக் கட்டடம் யோசிக்கும் முன் அங்கே போய், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உதிரத்தை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பல இடங்களில் அது பிரசவ அறை அலமாரியில், வெயில் படும் ஜன்னலோரம், கண்ணாடிக் குப்பிகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தில் வீரியம் குறைந்த மருந்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குப்பி அப்படியேதான் தெரியும். செவிலியர் சரியான நேரத்தில் சரியான அளவு ஊசி போடுவார், கர்ப்பப்பை இறுகாது. ஒரு சிறிய குளிர்பதனப் பெட்டி, அதற்குள் ஒரு வெப்பமானி, காலையும் மாலையும் அளவைக் குறித்து வைக்க ஒரு நோட்டு, மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி: இவற்றைக் கொடுங்கள். குளிர்வசதி அறவே இல்லாத இடத்துக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை உண்டு. வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியும் 2018-க்குப் பிறகு ஒரு வழியாகியிருக்கிறது. எதை வைப்பது என்பதை அங்குள்ள மகப்பேறு மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு எளிய பொருளையும் சொல்ல வேண்டும். பிரசவம் ஆனதும் தாயின் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனியில் அளவுக்கோடு போட்ட ஒரு பை தொங்கும். போகிற ரத்தம் எல்லாம் அதில் வந்து சேரும். எத்தனை அனுபவம் உள்ளவரானாலும் துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவிடும்போது குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பையில் ரத்தம் அளவுக்கோட்டைத் தாண்டினால் மறுக்க முடியாது. அந்தக் கணமே கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழியாகத் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கடுமையான உதிரப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்திருந்தன. மகப்பேறு ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் அபூர்வம். வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட்டும் அப்படித்தான். கொதிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதியாகக் குறைப்பதாக 2002-லேயே நிரூபணமாகிவிட்டது. அளவு கூடினால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் போடத் தயங்குகிற நிலையங்கள் இன்றும் இருக்கின்றன. பயிற்சிக்குப் பணம் கொடுங்கள். ஒருநாள் கருத்தரங்காக இல்லாமல், மாதாமாதம் பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்துச் செய்து பார்க்கும் பயிற்சியாக இருக்கட்டும்.

ரத்தம்தான் கடைசிவரை கஷ்டமான விஷயம். ஊசியும் மாத்திரையும் வாங்கிவிடலாம், ரத்தத்தை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அருகில் உள்ள ரத்த வங்கியோடு ஏற்பாடு, வகைவாரியாகக் கொடையாளர் பட்டியல், அந்தப் பட்டியலில் உள்ளவர்களை ராத்திரி எழுப்ப ஒரு பொறுப்பாளர், இவை வேண்டும். உங்கள் இளைஞர் அணியை மேடை போடவும் நாற்காலி தூக்கவும் பயன்படுத்துவதைவிட இதற்குப் பயன்படுத்தலாம். சாலையே இல்லாத, மழைக்காலத்தில் ஆறு குறுக்கிடும் ஊர்களுக்கு, கடைசி வாரங்களில் மருத்துவமனை அருகிலேயே தங்க ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுப்பது பல நாடுகளில் நடக்கிறது. கூட ஒருவர் தங்கவும் சமைத்துக்கொள்ளவும் இடம் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள்.

எத்தியோப்பியாவில் நடந்ததைச் சொன்னால் இந்த வாதம் தெளிவாகும். 1959-ல் அங்கே போன ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி, பல நாள் நீண்ட பிரசவத்தில் உடல் சிதைந்த பெண்களைப் பார்த்தார்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் நாள்கணக்கில் அழுத்தி, இடையில் உள்ள சதை செத்து, ஓட்டை விழுந்து, சிறுநீர் நிற்காமல் ஒழுகும். குழந்தை பெரும்பாலும் பிழைப்பதில்லை. கணவன் விட்டுவிடுவான், ஊர் ஒதுக்கிவிடும். அவர்களுக்காகவே 1974-ல் அடிஸ் அபாபாவில் ஒரு மருத்துவமனை எழுந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் குணமாகித் திரும்பினார்கள். ஓட்டையைத் தைத்துக்கொண்டே இருந்தால் மட்டும் தீராது என்று கண்டு, கணவர் இறந்தபின் 2007-ல் கேத்தரின் மருத்துவச்சிகளுக்கான ஒரு கல்லூரியையும் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைத்து அவர்கள் பகுதிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் அந்த இரண்டாவது அடியிலிருந்தே தொடங்கலாம்.

இனி கண்.

இங்கே முகாமுக்கு ஒரு நியாயம் உண்டு. கண்புரையைத் திட்டமிட்டு, கூட்டமாக, ஒரே நாளில் பலருக்குச் சரி செய்யலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இதை உலகமே பார்த்துப் படிக்கிற முறையாக வளர்த்தது. மருத்துவர் அறுவையை மட்டும் செய்வார். சோதனை, அளவெடுப்பு, தயார் செய்தல் எல்லாம் பயிற்சி பெற்ற இளம்பெண்களின் கையில். பணம் தருகிறவரின் கட்டணம், தர முடியாதவரின் செலவையும் சுமக்கும். 1992-ல் தொடங்கிய அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தானே தயாரித்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கொண்டுவந்தது. காத்மாண்டுவில் கண் மருத்துவர் சந்துக் ருயித்தும் அவரது திலகங்கா மையமும் 1994 முதல் இதே பாதையில் நடக்கிறார்கள்.

ஆனால் முகாமின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதைச் சொன்னதும் தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுதான். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணில் பிரச்சினை உள்ள கிராமத்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். அறிவிப்புச் செய்தாயிற்று, இலவசம் என்று சொல்லியாயிற்று, பக்கத்திலேயே நடத்தியாயிற்று, அப்படியும் இவ்வளவுதான். நடத்துகிறவர்களுக்கு முகாம் நிரம்பி வழிவதாகத் தெரியும். வராதவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

வராதவர்களில் பெண்கள் அதிகம். உலகில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் சுமார் 55 சதவீதம் பெண்கள். வயதான அம்மாவுக்குக் கண் தெரியாவிட்டால் அது வயதின் கோளாறு, அவர் எங்கே போகப் போகிறார் என்று வீடு நினைக்கிறது. அவரும் அப்படியே நினைக்கப் பழகிவிடுகிறார். அறுவை இலவசமாக இருந்தாலும் கூடப் போகிற மகனுக்கு ஒருநாள் கூலி போகிறது, பேருந்துச் செலவு இருக்கிறது, ஆட்டையும் மாட்டையும் பார்க்க ஆளில்லை. தென்னிந்தியாவிலேயே செய்த இன்னொரு ஆய்வு, எந்த வகை அழைப்புக்கு மக்கள் அதிகம் வருகிறார்கள் என்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்தது. போக்குவரத்தும் உணவும் சேர்த்துக் கொடுத்து, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசிய இடங்களில் பலன் நன்றாக இருந்தது. ‘எனக்கும் பயமாத்தான் இருந்தது, இப்ப என் பேத்தி முகத்தைப் பார்க்கிறேன்’ என்று பக்கத்துத் தெரு அம்மா சொன்னால் அதற்கு முன் எந்தத் துண்டறிக்கையும் நிற்காது. அவருக்கும் ஒரு படி கொடுத்து உங்கள் பணியாளராக்கிக்கொள்ளுங்கள்.

முகாமில் பரிசோதனை மட்டும் நடக்கட்டும். அறுவை கட்டாயம் மருத்துவமனையில், முறையான அறுவை அரங்கில்தான் நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் மேஜை போட்டு அறுவை செய்த காலம் ஒன்று இருந்தது. கிருமி புகுந்தால் ஒரே நாளில் வரிசையாகப் பலர் கண்ணை இழப்பார்கள். கொஞ்சம் தெரிந்த கண்ணோடு வந்தவரை முழுக் குருடாக்கி அனுப்புவதைவிடப் பெரிய பாவம் இந்தத் துறையில் இல்லை. பெண்களுக்கான முகாம்களிலும் இதே எச்சரிக்கை உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில், ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 80-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அதைத் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஏழைகளுக்கு, இலவசமாக, வேகமாக என்ற மூன்றும் சேரும் இடத்தில் தரத்தைக் கேள்வி கேட்க யாரும் இருப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவராக நீங்கள் இருங்கள்.

மருத்துவமனையிடம் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொருவர் கண்ணையும் தனித்தனியே அளந்து அவரவருக்கான பவர் உள்ள லென்ஸ் வைக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே பவர் லென்ஸ் வைத்து அனுப்பினால் பலருக்கு மங்கல் அப்படியே இருக்கும். சர்க்கரையும் கொதிப்பும் பார்த்தபின் மேஜையில் ஏற்றுகிறார்களா? மறுநாளும், ஒன்றிரண்டு வாரத்திலும், நான்கு முதல் ஆறு வாரத்திலும் திரும்பப் பார்க்கிறார்களா? அந்தக் கடைசிப் பரிசோதனையில் பார்வையை அளந்து எழுதி வைக்கிறார்களா? இத்தனை அறுவை செய்தோம் என்ற எண்ணிக்கையை மட்டும் தருகிற மருத்துவமனையைவிட, இத்தனை பேருக்கு நல்ல பார்வை வந்தது, இத்தனை பேருக்கு வரவில்லை, காரணம் இது என்று சொல்கிற மருத்துவமனையோடு சேருங்கள். 2021-ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கும் இந்தப் பொருளில்தான் எழுதப்பட்டிருக்கிறது: அறுவை செய்தால் மட்டும் போதாது, பார்வை வந்தால்தான் கணக்கு.

முகாமுக்கு அடுத்த படி, ஊருக்குள்ளேயே தினமும் திறந்திருக்கும் ஒரு சிறிய பார்வை மையம். ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒருவர், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் பிளவு ஒளி விளக்குக் கருவி, இணையம் வழியாகத் தொலைவில் இருக்கும் கண் மருத்துவர். அரவிந்த் 2004 முதல் இதைச் செய்துவருகிறது. கண்ணாடி அங்கேயே கிடைக்கும். கண்ணாடியைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். அசாமில் 40 வயது கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த 2018-ம் ஆண்டு ஆய்வில், அவர்கள் பறிக்கும் இலையின் அளவு கண்ணாடி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. ஒரு தையல்காரப் பெண் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தொழிலை விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு மலிவான கண்ணாடி.

கண்ணிலும் காத்திருக்க முடியாதது ஒன்று உண்டு. வயலில் வேலை செய்யும்போது கதிரோ குச்சியோ கருவிழியில் கீறிவிடும். கீறலில் கிருமி சேர்ந்து புண்ணானால் பார்வை போய்விடும். நேபாளத்தின் பக்தபூரில், கிராமப் பணியாளர்களே கீறலைக் கண்டறிந்து குளோராம்ஃபெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களுக்குப் புண் வரவில்லை. தாய்மார்களுக்காக நீங்கள் அமர்த்துகிற அதே பெண்ணின் பையில் இந்தக் களிம்பும், ஒரு டார்ச்சும், கீறலைக் காட்டும் சாயத்தாளும் இருக்கலாம். முறையாகப் பயிற்சி கொடுத்து, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடவே கூடாது என்று அழுத்திச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் இரண்டு சேவைகளும் உண்மையில் சேர்கிற இடம் அந்தப் பெண்தான். அவர் என்னென்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு துறையிலும் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாததால் தவறிப்போகிற விஷயங்கள் இவை.

கர்ப்பிணி ஒருவர் கண் முகாமுக்கு வந்து ‘கண் மங்கலாத் தெரியுது, பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு, தலை விண்ணுன்னு வலிக்குது’ என்றால், கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ஐந்து மாதம் கடந்த கர்ப்பத்தில் அது கொதிப்பு ஏறி வலிப்பு நெருங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த இடத்திலேயே பிரஷர் பார்க்க வேண்டும், கூடியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எனவே கண் முகாமில் பிரஷர் கருவி கட்டாயம்.

அடுத்து, வீட்டுக்குப் போகும்போது ‘பொழுது சாய்ந்தபின் கண் தெரிகிறதா, பகலில் எப்படி?’ என்று கேட்பது. பகலில் நன்றாகத் தெரிந்து மாலையில் தடுமாறினால் மாலைக்கண். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ குறைந்து வருவது, பிரசவத்துக்குப் பின் தானாகவே போய்விடுவதும் உண்டு. அதனால் பெண்களே இதைச் சொல்வதில்லை, கர்ப்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு வரலாறு இருக்கிறது. நேபாளத்தின் சர்லாகியில் வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ அல்லது பீட்டா கரோட்டின் கொடுத்ததில் தாய் மரணம் 44 சதவீதம் குறைந்ததாக 1999-ல் செய்தி வந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு கானாவிலும் வங்கதேசத்திலும் இன்னும் அதிகமான பெண்களிடம் செய்து பார்த்தபோது மரணம் குறையவில்லை. எனவே ஆர்வத்தில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் விநியோகிக்க வேண்டாம். அளவு கூடினால் கருவுக்கே கேடு. குறைபாடு பரவலாக உள்ள பகுதிகளில் மட்டும், தினமும் 10,000 அலகு அல்லது வாரம் 25,000 அலகுக்கு மேல் போகாமல் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாலைக்கண் என்று சொல்கிற கர்ப்பிணி பெரும்பாலும் போதிய உணவில்லாதவர், அவருக்கு ரத்த சோகையும் இருக்கலாம். கூடுதல் கவனம் தேவைப்படுபவர்களின் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும்.

குழந்தை பிறந்தபின் முதல் சில நாட்களில் கண்ணில் சீழ் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொனோரியா கிருமியானால் ஓரிரு நாளில் கருவிழி கரைந்துவிடும். தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டுக் காத்திருந்தால் கண் போய்விடும். கருப்பாக இருக்க வேண்டிய கண்ணின் நடுப்புள்ளி வெள்ளையாகத் தெரிந்தாலும் உடனே அனுப்புங்கள். பிறவிக் கண்புரைக்கு வயதானவரின் கண்புரைபோல் அவகாசம் இல்லை. முதல் மாதங்களிலேயே சரி செய்யாவிட்டால் மூளை பார்க்கக் கற்காமல் போய்விடும். அதில் ஒரு பகுதிக்குக் காரணம் கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடியது.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். மகப்பேறு சேவை முன்னேற முன்னேற இவர்களின் எண்ணிக்கை கூடும். முன்பு பிழைக்காத குழந்தைகள் இப்போது ஆக்சிஜனும் கவனிப்பும் கிடைத்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, சத்தமில்லாமல் பார்வை போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இந்திய வழிகாட்டுதல்படி 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். இன்னும் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே. கர்நாடகத்தில் 2008 முதல், தொழில்நுட்பப் பணியாளர்கள் கருவியோடு ஊர் ஊராகப் போய் விழித்திரையைப் படமெடுத்து, தொலைவில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பும் திட்டம் நடக்கிறது. உங்கள் பகுதிக்கு அப்படி ஒன்று இல்லையென்றால், குழந்தையை எங்கே கொண்டுபோவது என்ற முகவரியும் கடைசித் தேதியும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன் உங்கள் பணியாளர் வீட்டுக்குப் போய் ‘போனீர்களா’ என்று கேட்க வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. கண் சேவையை ஒரு முகாமுக்கான பணத்தோடு தொடங்கலாம், நின்றுபோனாலும் அறுவை முடிந்தவர்கள் பயன் பெற்றவர்களே. அவர்களின் மறுபரிசோதனைச் செலவை மட்டும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். தாய்மார் சேவையைக் குறைந்தது மூன்று ஆண்டுச் சம்பளமும் வண்டிச் செலவும் உறுதியாகக் கையில் வந்தபின் தொடங்குங்கள். உங்கள் வண்டி வரும் என்று நம்பி ஒரு ஊர் மற்ற ஏற்பாடுகளை விட்டுவிட்டபின், பணம் தீர்ந்தது என்று நிறுத்துவது ஆபத்தானது. அரசுச் சேவைக்குப் போட்டியாக எதையும் நடத்தாதீர்கள். அங்கே விடுபடுவதை நிரப்புங்கள், பதிவேட்டை அவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பரிசோதனைக்கு நிற்கும் பெண்களைப் பதாகைக்கு முன் நிறுத்திப் படமெடுக்கும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்துவிடுங்கள்.

கண் மருத்துவமனையைத் தேடுவது இந்த வாரமே முடிகிற வேலை. அதற்கு முன், நீங்கள் நினைத்திருக்கும் கிராமங்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் பிரசவத்தில் இறந்த பெண்கள் யார் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, வலி எப்போது கண்டது, எப்போது கிளம்பினார்கள், வண்டி எப்போது வந்தது, முதல் ஊசி எப்போது போடப்பட்டது என்று மணிவாரியாகக் கேட்டு எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்ட அதைப் பயன்படுத்த வேண்டாம். அந்த மணிக்கணக்கு கையில் இருந்தால் உங்கள் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும் என்று இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியிருக்காது.